தடுப்பாட்ட வீரராக ஆடி முடித்தவர் இளையோர் பயிற்சிக்கு வரலாமா?

பின்களம்_4 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு பருவங்களாகத் தொழில்முறைக் கால்பந்தில் சென்டர் பேக்காக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக ஆடி வருகிறேன். வயது 34. பெரும்பகுதி இரண்டாம் நிலைப் போட்டிகளில்தான் கழிந்தது. பெயரைச் சொன்னால் அறிந்துகொள்ளும்படியான ஆள் அல்ல. இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னோர் ஆண்டு ஆடலாம் என்று மனம் சொல்கிறது, வலது முழங்கால் மறுக்கிறது. இந்நிலையில் 13 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் துணைப் பயிற்சியாளராக வரச் சம்மதமா என்று என் கிளப் கேட்டிருக்கிறது. ஊதியம் இப்போது வாங்குவதில் பாதிக்கும் கீழே. அது நான் எதிர்பார்த்ததுதான்.

என் தயக்கம் வேறு. பந்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரைக் கடந்து போன அனுபவம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. கடக்க வருகிறவனைத் தடுத்ததும், வந்த பந்தை அப்புறப்படுத்தியதும், பக்கத்தில் நிற்பவனை நோக்கிக் கத்தியதுமே என் தொழில். அந்த வயதுப் பிள்ளைகளோ கோல் போடுவதற்காக வருகிறவர்கள். அவர்களுக்குக் கற்பிக்க என்னிடம் உண்மையில் ஏதேனும் இருக்கிறதா? அடுத்தது, சிறுவர் பிரிவுக்குள் ஒருமுறை நுழைந்தால் அந்த முத்திரை விழுந்து, பெரியவர்களின் அணிக்குப் போகும் வழி அடைபட்டுவிடும் என்று அணித்தோழர்கள் எச்சரிக்கிறார்கள். சி, பி ஆகிய இரண்டு பயிற்சியாளர் உரிமங்களை ஆடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டேன். இந்த வழியில் நடந்தவர்களோ, அருகிலிருந்து பார்த்தவர்களோ எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இடது_ஓரம் எழுதியது:

நானும் தடுப்பாட்டத்திலிருந்து வந்தவன்தான். பத்து ஆண்டுகள் லெஃப்ட் பேக்காக, தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில் ஆடினேன். ஒன்பது ஆண்டுகளாக 11 முதல் 14 வயது வரையிலான சிறுவர்களோடு இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டுக் கற்றது அதில்தான்.

நாம் நின்ற இடத்தில் கரணம் தப்பினால் மரணம். முன்கள வீரன் ஐந்து வாய்ப்புகளை வீணடித்து ஆறாவதில் கோல் போட்டால் அவனைத் தோளில் தூக்குவார்கள். நாம் ஐம்பது பந்துகளைத் தடுத்து ஒன்றை விட்டால், அந்த ஒன்றைத்தான் இரவு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தவனின் கண், எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் முதலில் ஆபத்தைத்தான் தேடும். அந்தக் கண்ணோடு சிறுவர்களின் ஆட்டத்துக்கு அருகில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு என் முதல் பருவமே சாட்சி. பந்து எங்கள் கோல் பக்கம் வந்தபோதெல்லாம் எல்லைக்கோட்டில் நின்று 'வெளியே அடி' என்று கத்தினேன். பிள்ளைகளும் அடித்தார்கள். மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணிகளில் எங்களுடையதும் ஒன்றாக இருந்தது; எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது என்னைவிட மூத்த பயிற்சியாளர் ஒருவர், அடுத்த ஆட்டத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எண்ணச் சொன்னார்: என் நடுத் தடுப்பாட்டக்காரன் சொந்தக் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கி, எத்தனை முறை உடலைத் திருப்பி முன்னே பார்க்கிறான்? ஆட்டம் முடியும் வரை எண்ணினேன். ஒருமுறைகூட இல்லை. பந்து காலுக்கு வந்ததும் அவன் களத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பிழையைத் தவிர்த்தே சோறு சாப்பிட்டவன், பிழை செய்ய அனுமதி வழங்கும் வேலைக்கு வருகிறான். இந்த மாற்றத்தின் முழுக் கடினமும் அங்கேதான் இருக்கிறது. 12 வயதில் தடுப்பாட்டப் பகுதியிலேயே பந்தை இழந்து கோல் வாங்கிய சிறுவனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இப்போதும் சில நாட்களில் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது, ஆனால் அது நம் உடம்புக்குள் கிடக்கிறது, வாயில் இல்லை. ஒரு சிறுவன் என்னிடம், தடுப்பு வரிசை எப்போது மேலே ஏற வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று கேட்டான். 'ஆட ஆடத் தெரியும்' என்றேன். 'உங்களுக்கு எப்படித் தெரிந்தது?' என்றான். பதில் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே விளங்கியது. பந்தை வைத்திருப்பவன் நமக்கு முதுகைக் காட்டினாலோ, அவனை யாராவது நெருக்கினாலோ, வரிசை ஏறலாம். அவன் தலையை நிமிர்த்தி, நெருக்குவோர் இன்றி, நீண்ட பாஸ் அடிக்கக் காலைப் பின்னால் இழுத்தால், அந்தக் கால் முன்னே வருவதற்குள் நாம் பின்வாங்கத் தொடங்கியிருக்க வேண்டும். இவ்வளவுதான் செய்தி. இதைச் சொல்லாக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது, ஒருவனை எதிர்கொள்ளும்போது நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று அவனை ஓரக்கோட்டை நோக்கித் தள்ளுவது, பாய்ந்து விழாமல் காலம் கடத்துவது என எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கோல் போட விரும்பும் பிள்ளைகளுக்கும் நீங்கள் வேண்டும். எந்த மாதிரி முன்கள வீரனைக் கண்டால் உங்களுக்கு வயிறு கலங்கியது என்று யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓடியவனையா, உங்கள் பார்வை எட்டாத தோள் பக்கமாக நழுவி நின்றவனையா? அந்தக் கேள்விக்கு உங்களைப் போல விடை சொல்ல ஒரு முன்னாள் ஸ்ட்ரைக்கரால் முடியாது.

பழைய_ஆட்டங்கள் எழுதியது:

நான் ஆடியவன் அல்ல, ஆனால் வீரர்கள் ஓய்வுக்குப் பின் எங்கே போகிறார்கள் என்பதை நெடுநாளாகக் கவனித்து வருபவன். முத்திரை பற்றிய உங்கள் அச்சத்தைச் சில தடுப்பாட்ட வீரர்களின் பாதையை வைத்துச் சோதிக்கலாம்.

முதலில் நினைவுக்கு வருகிறவர் ஜெர்மானிய சென்டர் பேக் பெர் மெர்டெசாக்கர். 1984இல் ஹனோவரில் பிறந்து, 2003இல் அந்நகர அணியிலேயே அறிமுகமாகி, வெர்டர் பிரெமன் வழியாக 2011 ஆகஸ்ட் 31 அன்று லண்டன் கிளப்பான ஆர்சனலுக்கு வந்தார். மான்செஸ்டர் யுனைடெட்டிடம் ஆர்சனல் 8-2 என்று தோற்று மூன்று நாட்களே ஆகியிருந்தன. ஜெர்மனிக்காக 104 ஆட்டங்கள், 2014 உலகக் கோப்பை. வேகம் குறைந்தவர் என்ற குறை அவரை விட்டதே இல்லை. இடம் அறிந்து நின்றே அதை ஈடுகட்டினார். 2016-17 பருவத்தில் காயத்தால் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க அணியில் இல்லாதவர், செல்சிக்கு எதிரான எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் களமிறக்கப்பட்டு, 2-1 என்ற வெற்றியில் 90 நிமிடமும் நின்று ஆடியதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அடுத்த சில வாரங்களிலேயே, 2018 முதல் கிளப்பின் அகாடமிக்கு, அதாவது இளையோர் பயிற்சிப் பிரிவுக்கு, அவர்தான் பொறுப்பாளர் என்ற அறிவிப்பு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2018 மார்ச்சில் ஜெர்மானிய வார இதழான டெர் ஸ்பீகலுக்கு அளித்த பேட்டியில், ஒவ்வோர் ஆட்டம் தொடங்கும் முன்னும் தமக்குக் குமட்டல் வந்ததாகவும், ஆட்ட நாள்களில் வயிறு நிலைகொள்ளாமல் போனதாகவும் அவர் சொன்னார். 2006 உலகக் கோப்பை அரையிறுதியில் சொந்த நாட்டில் இத்தாலியிடம் தோற்றபோது, வருத்தத்தோடு சுமை இறங்கிய நிம்மதியும் இருந்தது என்றார். ஓய்வுபெறும் முன்பே, அகாடமிப் பொறுப்பு காத்திருக்கும்போதே, இதை வெளியில் சொன்னார். இடது_ஓரம் மேலே எழுதிய 'பிழைக்கு இடமில்லாத வாழ்வு' மனித உடம்பை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நேரடியான வாக்குமூலம் கிடைக்காது. சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு அந்த அறிவு ஒரு தகுதி என்றே நினைக்கிறேன். அந்த அகாடமியில் வளர்ந்த புகாயோ சாக்கா 2018 நவம்பரில் முதன்மை அணிக்கு வந்ததும், ஈதன் வானேரி 2022 செப்டம்பரில் 15 வயது 181 நாளில் பிரீமியர் லீக்கில் கால்வைத்ததும் அவருடைய காலத்தில்தான். ஆனால் அவர் வகித்தது நிர்வாகப் பொறுப்பு. நாள்தோறும் விசில் ஊதும் வேலை அல்ல. 2019 இறுதியில் முன்னாள் ஆர்சனல் வீரர் லியூங்பெரி இடைக்காலப் பயிற்சியாளராக இருந்த சில வாரங்கள் முதன்மை அணிக்குத் துணையாக நின்றுவிட்டு, அகாடமிக்கே திரும்பிவிட்டார்.

விசில் ஊதும் வேலையிலிருந்து மேலே போனவருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ருமேனியத் தடுப்பாட்ட வீரர் கிறிஸ்டியன் கிவு. 2010 ஜனவரியில் மண்டை ஓடு முறிந்து, தலைக்கவசத்தோடு களத்துக்குத் திரும்பி, அதே ஆண்டு மே மாதம் இன்டர் மிலானின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் தொடக்க அணியில் ஆடியவர். 2014இல் ஓய்வு. 2018இல் இன்டரின் 14 வயதுக்குட்பட்டோர் அணியில் தொடங்கினார். படிப்படியாக ஏறி 2022இல் கிளப்பின் மூத்த இளையோர் அணிக்கு இத்தாலியப் பட்டம் பெற்றுத் தந்தார். 2025 பிப்ரவரியில் பார்மா கிளப்பின் முதன்மை அணிக்குப் பயிற்சியாளர், அதே கோடையில் இன்டர் முதன்மை அணிக்கு. சிறுவர்களிடமிருந்து உச்சிக்கு ஏழு ஆண்டுகள். ரியல் மாட்ரிட்டில் அல்வாரோ அர்பெலோவாவும் 2020இல் சிறுவர் பிரிவில்தான் தொடங்கினார்.

இங்கிலாந்தின் தடுப்பாட்ட வீரர் கரெத் சவுத்கேட் தலைகீழ்ப் பாதையில் போனவர். 2006இல் ஆடுவதை நிறுத்திய கையோடு மிடில்ஸ்பரோவின் மேலாளரானார். அப்போது அந்தப் பதவிக்குரிய உரிமமே அவரிடம் இல்லை, விலக்கு பெற்றே பொறுப்பேற்றார். 2009இல் அணி கீழ்நிலைக்கு இறங்கியது, வேலையும் போனது. அதற்குப் பிறகே இளையோர் மேம்பாட்டுப் பணி, 2013இல் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணி, 2016இல் தேசிய அணி. 1996 யூரோ அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட வீரர், 2018 உலகக் கோப்பையில் பெனால்டி முறையில் கொலம்பியாவை வென்ற அணியின் பயிற்சியாளராக நின்றது தனிக் கதை.

ஒரு எச்சரிக்கை. இவர்கள் எல்லோரும் பெயர் பெற்றவர்கள். கதவு அவர்களுக்குத் திறந்த வேகத்தில் உங்களுக்குத் திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். முத்திரை வழியை அடைக்கும் என்பது பொய் என்பதற்கு மட்டுமே இவர்கள் சான்று.

முழங்கால்_நோட்டம் எழுதியது:

நான் ஓர் அகாடமியில் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். 13 வயதுக்குட்பட்டோர் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஆண் பிள்ளைகள் திடுமென உயரும் காலத்தின் உச்சம் பெரும்பாலும் 13, 14 வயதை ஒட்டி வரும், ஆனால் ஒருவனுக்கு 12இல் வரும், இன்னொருவனுக்கு 15 ஆகும். உங்கள் அணியில் பதினெட்டுப் பேர் இருந்தால், அவர்களின் உடல் வயது ஒன்றாக இருக்காது. முன்னாள் சென்டர் பேக்குகள் எல்லோரும் செய்யும் ஒரு தவறை நான் பார்த்துவிட்டேன்: அணியிலேயே உயரமான பையனை அழைத்து நடுத் தடுப்பில் நிறுத்திவிடுவார்கள். அவன் இரண்டு ஆண்டுகள் எல்லோரையும் தோளால் இடித்தே ஜெயிப்பான். நிற்கும் இடம், பந்தை வாங்கும் உடல்நிலை எதையும் கற்கமாட்டான், ஏனென்றால் கற்கத் தேவையே வராது. 16 வயதில் மற்றவர்கள் அவன் உயரத்தை எட்டியதும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பான். குட்டையாக இருந்ததால் அறிவைக் கொண்டு தப்பித்த பையன் அதற்குள் விடுவிக்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பான். தேர்வு ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே பல அகாடமிகளிலும் மிகுந்திருப்பது நன்கு பதிவான உண்மை. அதையும் மனத்தில் வையுங்கள்.

வேகமாக வளரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே புடைத்த எலும்பிலும் குதிகாலிலும் வலி வரும். நேற்று வரை நன்றாக ஓடியவன் இன்று தன் கால்களே தனக்கு அந்நியம்போலத் தடுமாறுவான். அதைச் சோம்பல் என்று எண்ணிக் கூடுதல் ஓட்டம் கொடுக்காதீர்கள், சுமையைக் குறையுங்கள்.

அடுத்தது தலையால் முட்டுவது. உங்கள் தொழிலின் பெருமையாக நீங்கள் கருதும் இதை இனி அளந்துதான் கற்பிக்க முடியும். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை வீரர்களை 23,028 பொதுமக்களோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோய் போன்ற நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடையே ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று தெரிந்தது. 2021இல் ஆடிய இடம் வாரியாகப் பிரித்தபோது, கோல்கீப்பர்களின் அபாயம் பொதுமக்களை ஒட்டியே இருந்தது. தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. அமெரிக்கா 2015இலேயே 10 வயது வரை தலையால் முட்டுவதைத் தடைசெய்து, 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் வரம்பு வைத்தது. இங்கிலாந்து 2020இல் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதை நீக்கியது. உங்கள் கூட்டமைப்பின் விதியைக் கேட்டறிந்துகொண்டு, பந்து எங்கே விழும் என்று கணிப்பதையும் குதிக்கும் நேரத்தையும் பந்தின்றியோ, எடை குறைந்த பந்தைக் கொண்டோ பழக்குங்கள்.

பந்து_பொறுக்கி எழுதியது:

மேலே எழுதியவர்களோடு எனக்குப் பெரிய முரண் இல்லை. ஒரு சிறிய உறுத்தல் உண்டு. ஏழு ஆண்டுகளில் உச்சிக்கு என்று ஏணிக் கணக்குப் போட்டுக்கொண்டு 12 வயதுப் பிள்ளைகளிடம் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் முடிவைத் தன் விண்ணப்பத்தில் எழுதத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவரின் அணியில் பத்தாவது நிமிடத்திலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனின் தந்தை நான்.

மற்றபடி நடைமுறையாக ஒன்று. நீங்கள் கற்ற தடுப்பாட்டமும் இன்றைய தடுப்பாட்டமும் வேறு. 1992இல் கோல்கீப்பருக்குத் திருப்பி அனுப்பும் பாஸைக் கையால் பிடிக்கத் தடை வந்ததும், 2019இல் கோல் கிக்கை (கோல் முன்னிருந்து உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் பந்தை) பெனால்டி பெட்டிக்குள்ளேயே தன் அணியினர் வாங்கலாம் என்ற மாற்றம் வந்ததும், சென்டர் பேக்கை ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவராக்கிவிட்டன. முன்களத்தில் ஆடிய தலைமைப் பயிற்சியாளரின் கீழ் துணையாக இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் சேர்ந்து சிறுவர் அணியை நடத்தினால் அங்கே பந்துக்கே மூச்சு முட்டும்.

பின்களம்_4 எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தலைமைப் பயிற்சியாளர் முன்னாள் விங்கர் (ஓரத்தில் ஆடும் முன்கள வீரர்) என்பது தற்செயலாக நல்லதாகிவிட்டது. உயரமான பையனைப் பற்றி எழுதியதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. போன வாரம் பயிற்சியைப் பார்க்கப் போனபோது 'இவன் நம் ஆள்' என்று மனத்துக்குள் ஒருவனைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், அவன்தான் எல்லோரிலும் நெடியவன். சம்மதம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அடுத்த உரிமத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா என்பதையும், முதல் மாதம் என்ன செய்யலாம் என்பதையும் மட்டும் யாராவது சொல்லுங்கள்.

இடது_ஓரம் எழுதியது:

உரிமத்துக்கு அவசரம் வேண்டாம். ஐரோப்பியக் கூட்டமைப்பிலும் ஆசியக் கூட்டமைப்பிலும் சி, பி, ஏ, புரோ என்ற படிகளே இருக்கின்றன. நெடுங்காலம் தொழில்முறையில் ஆடியவர்களுக்குச் சில இடங்களில் சுருக்கமான வகுப்புகள்கூட உண்டு. ஐரோப்பாவில் மூத்த இளையோருக்கென்றே தனி ஏ நிலை உரிமமும் இருக்கிறது. ஆனால் ஏ வகுப்பில் உங்கள் சொந்த அணியோடு செய்தவற்றைத்தான் கொண்டுவரச் சொல்வார்கள். ஒரு பருவம் முழுதாகப் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போனால் எழுதுவதற்குப் பொருள் இருக்கும். நான் வெறுங்கையோடு போய்த் திணறியவன்.

முதல் மாதம் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின்போது கத்தவேண்டும் என்று வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், கத்தாமல், எந்த நிமிடம், எந்தப் பையன், நான் எதைக் கண்டு பயந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் பயிற்சியில் அந்தப் பையனிடம் 'அப்போது நீ என்ன பார்த்தாய்?' என்று மட்டும் கேளுங்கள். பாதி விடைகள் உங்களுக்கே தெரியாதவையாக இருக்கும். அந்த நெடிய பையனை இரண்டு மாதம் விங்கில் விடச் சொல்லி உங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் பேசிப் பாருங்கள். அவர் மறுத்தால் நடுக்களத்திலாவது. ஆறு மாதம் கழித்து அவன் எங்கே நிற்கிறான் என்று இதே இழையில் வந்து எழுதுங்கள்.